பத்துக்குப் பன்னெண்டு ஹாலும் ஒரு சோபா செட்டும்

சின்ன ஹாலைப் பெருசா காட்டுறது எப்படின்னு தேடினா, வர்ற வீடியோ அத்தனையும் ஒரே பல்லவியைத்தான் பாடுது. பெரிய கண்ணாடி மாட்டுங்க, சுவத்துக்கு வெள்ளை அடிங்க, ஃபால்ஸ் சீலிங் போட்டு அதுக்குள்ள லைட்டை ஒளிச்சு வைங்க. எரிச்சலா வருதுங்க. அந்த வீடியோவுல வர்ற ஹால்ல ஃப்ரிட்ஜ் இருக்காது, இன்வெர்ட்டர் பேட்டரி இருக்காது, கேன் தண்ணி இருக்காது. ஸ்கூல் பை, ஹெல்மெட், அயர்ன் பண்ண வேண்டிய துணின்னு எதுவுமே கண்ணுல படாது. நம்ம பக்கத்துல குடும்பம் நடக்குற ஹால் எதுவும் அப்படி இல்ல. அதனால இந்தப் பதிவுல சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஹால் பெருசா தெரியணும்னா முதல்ல தரையைப் பாருங்க. உடையாம, ஒரே துண்டா எவ்வளவு தரை காலியா கிடக்குதோ அவ்வளவு பெருசு உங்க ஹால். கண்ணாடி, பெயிண்ட், லைட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் (சிலது தேவையே இல்ல).

சென்னீர்குப்பத்தையே எடுத்துக்குவோம். பூந்தமல்லியில இருந்து ஆவடி போற ரோட்டுல இருக்குற ஊரு. ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிங்க, ரெண்டுக்கும் போய் வர தோதான இடம். போதாக்குறைக்கு சென்னை கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு 26 கிலோமீட்டருக்கு நீளுற மெட்ரோ பாதையும் பக்கத்துல பூந்தமல்லியிலதான் வந்து முடியுது. இப்படிப்பட்ட இடத்துல நடுத்தரக் குடும்பம் வாங்குற மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. 600 சதுர அடி கால் கிரவுண்டுலயும் வீடு நிக்குது. கீழ வண்டி நிறுத்த இடம் விட்டு, மாடியை ரெண்டு போர்ஷனா பிரிச்சா, ஒரு போர்ஷனுக்குக் கிடைக்கிற ஹால் பத்துக்குப் பன்னெண்டு அடி. சில வீட்டுல பத்துக்குப் பத்து. இந்த அளவு மேலயே பழியைப் போட்டுடுறோம், ஆனா அளவு அவ்வளவு மோசம் இல்ல. இந்தியாவோட தேசிய கட்டட விதித் தொகுப்பு (2016) மனுஷங்க புழங்குற முக்கிய அறைக்குச் சொல்ற குறைந்தபட்ச அளவு 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி. நம்ம ஹால் 120. ஜப்பான்ல ஆறு பாய் விரிக்கிற அறைன்னு ஒண்ணு ரொம்ப சாதாரணம். அதுவும் ஏறக்குறைய 10 சதுர மீட்டர்தான். பகல்ல குள்ளமான மேசை போட்டு அங்கேயே சாப்பிடுவாங்க, ராத்திரி மேசையை ஓரமா சாத்திட்டு, அலமாரியில மடிச்சு வச்ச மெத்தையை எடுத்து விரிப்பாங்க. நம்ம ஹாலை விட சின்ன இடத்துல ஒரு வீட்டோட மொத்தப் புழக்கமும் நடக்குது.

அப்புறம் ஏன் நம்ம ஹால் மூச்சு முட்டுது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூணு பேர் உட்கார்ற சோபா ஆறரை அடிக்கு மூணு அடி, அது 19.5 சதுர அடி. கூட வர்ற ரெண்டு சிங்கிள் சீட்டு மூணுக்கு மூணு, அது 18. நடுவுல டீபாய் மூன்றரைக்கு ரெண்டு, 7. டிவி யூனிட் அஞ்சுக்கு ஒன்றரை, 7.5. மொத்தம் 52. சமையக்கட்டுல இடம் பத்தாம ஹாலுக்கு வந்துட்ட ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு 4. ஆக 120-ல 56 போச்சு, மீதி 64. இந்த 64-ம் ஒரே இடத்துல கிடக்குதான்னா, அதுவும் இல்ல. இந்த ஹால்ல வாசக்கதவு, பெட்ரூம் கதவு, சமையக்கட்டு வழி, பாத்ரூம் கதவுன்னு நாலு திறப்பு இருக்கு. வாசல்ல இருந்து சமையக்கட்டுக்குப் போற பாதைக்கு ரெண்டரை அடி அகலம் விட்டாலே 30 சதுர அடி ஓடிடுது. மிச்சம் 34. அது சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவுல ஒண்ணரை அடி, டிவிக்கு முன்னாடி ரெண்டு அடி, கதவுக்குப் பின்னாடி ஒரு முக்குன்னு சிதறிக் கிடக்குது. ஒரு குழந்தை உட்கார்ந்து விளையாட நாலுக்கு நாலு இடம் தேடினாலும் கிடைக்காது. இந்த ஹாலுக்கு எந்த வெள்ளை அடிச்சாலும் அது பெருசா ஆகாது.

இதை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே ஒருத்தர் படம் போட்டு காட்டியிருக்கார். பெர்லின்ல வேலை பார்த்த அலெக்சாண்டர் க்ளைன்னு ஒரு கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியில வீட்டுக்குப் பெரிய பஞ்சம். சின்ன வீடு கட்டித்தான் ஆகணும், அதை எப்படி நல்லா கட்டுறதுன்னு பலரும் மண்டையைப் போட்டு உடைச்சிக்கிட்டிருந்த காலம். 1928 வாக்குல க்ளைன் என்ன பண்ணினார்னா, ஒரே மாதிரி அளவுள்ள வீட்டு வரைபடங்களை எடுத்து, அதுல இருக்குறவங்க நடக்குற பாதையை எல்லாம் கோடா வரைஞ்சார். படுக்கையில இருந்து குளியலறைக்கு, சமையலறையில இருந்து சாப்பாட்டு மேசைக்கு. மோசமான வரைபடத்துல கோடுங்க ஒண்ணை ஒண்ணு வெட்டி, வீடு முழுக்க சிக்கலா கிடந்துச்சு. நல்லதுல கோடெல்லாம் சுருக்கமா ஒரு ஓரமா போச்சு. அதோட நிறுத்தாம, சாமான் போட்ட பிறகு மிச்சமிருக்குற தரையையும் தனியா நிழல் போட்டு காட்டினார். அது ஒரே இடத்துல சேர்ந்து இருக்கா, துண்டு துண்டா கிடக்கான்னு. நூறு வருஷம் ஆகப் போகுது, எந்த இன்டீரியர் வீடியோவும் இதை விட உபயோகமா ஒண்ணும் சொல்லிடல. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து உங்க ஹாலை வரைஞ்சு, கதவுக்குக் கதவு கோடு போட்டுப் பாருங்க. கோடு போகாத பக்கம்தான் சாமான் போட வேண்டிய பக்கம். கோடு எங்க குறுக்க வெட்டுதோ அங்க டீபாய் இருந்தா, தினமும் கால் இடிக்கிறது அதுலதான்.

நம்ம பழைய வீட்டுக் கூடம் விசாலமா இருந்ததா எல்லாரும் சொல்றாங்க. அது பெரிய வீடு, அதனாலன்னு ஒரு பதில் வரும். பாதி உண்மை. அந்தக் கூடத்துல நிரந்தரமா போட்டு வச்ச சாமான் ரொம்பக் கம்மி. ஒரு ஊஞ்சல், ஒரு பெஞ்சு, மிஞ்சிப் போனா ஒரு சாய்வு நாற்காலி. கோரைப்பாயும் ஜமுக்காளமும் வேணுங்கும்போது விரிச்சு, வேலை முடிஞ்சதும் சுருட்டி வைக்கிறது. தவலை, அண்டா எல்லாம் பரண்ல. வந்தவங்களை உட்கார வைக்க வெளியில திண்ணை இருந்துச்சு. இப்ப திண்ணை போயிடுச்சு. அதனால இந்த 120 சதுர அடிதான் திண்ணை, இதுதான் கூடம், இதுதான் பிள்ளைங்க படிக்கிற இடம், ராத்திரி ரெண்டு பேர் படுக்குற இடமும் இதுதான். நாலு வேலைக்கும் நாலு இடம் ஒதுக்க முடியாது. ஒரே இடம் நேரத்துக்கு நேரம் மாறணும், அதுக்கு சாமான் நகரணும். 60 கிலோ சோபா செட்டு நகராது. ஹால் ஒரே வேலைக்குப் பூட்டிக்குது, மத்த மூணு வேலையும் அதைச் சுத்திச் சுத்தி நடக்குது.

"அதெல்லாம் சரி, நாலு பேர் வந்தா எங்க உட்கார வைக்கிறது?" இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்துதான் ஆகணும். வந்தவங்களை நல்லா உட்கார வைக்கணும்ங்கிறது நம்ம ஊருல சின்ன விஷயம் இல்ல. பொண்ணு பார்க்க வர்றாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க, அப்ப பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட கூச்சமா இருக்கும், புரியுது. ஆனா அந்த நாள் வருஷத்துல எத்தனை? மத்த நாள் எல்லாம் அந்த வீட்டுல இருக்குறவங்கதானே அந்த இடுக்குல நடக்குறாங்க? ஆறடிக்கு ரெண்டரை அடில ஒரு திவான், சுவத்தோட ஒட்டி. அதுல தாராளமா மூணு பேர் உட்காரலாம், ராத்திரி ஒருத்தர் படுக்கலாம். கூட மடக்குற மாதிரி நல்ல மர நாற்காலி நாலு வாங்கி கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சா, ஏழு பேருக்கு இடம் ஆச்சு. மொத்தமா தரையில நிரந்தரமா போறது 15 சதுர அடிதான். 52 எங்க, 15 எங்க! இன்னொரு கேள்வியும் வரும், வயசானவங்களால தரையில உட்கார முடியாதே, முட்டி வலிக்காதான்னு. கட்டாயம் வலிக்கும். ஆனா அவங்களுக்கு சோபாவும் நல்லது இல்லீங்க. உள்ள அமுங்குற, ஆழமான சீட்டுல உட்கார்ந்துட்டு எழுந்திருக்க அவங்க படுற பாட்டைப் பார்த்தா தெரியும். 18 இஞ்ச் உயரத்துல, கெட்டியான சீட்டும் கை வச்சு எழ கைப்பிடியும் உள்ள ஒரே ஒரு நல்ல நாற்காலி அவங்களுக்குன்னு போடுங்க, ஜன்னல் பக்கமா. அது ஹாலுக்கும் நல்லது, அவங்க முட்டிக்கும் நல்லது.

சாமானை எங்க வைக்கிறதுங்கிறதுதான் நிஜமாவே கஷ்டமான கேள்வி, இதுக்கு முழுசா ஒரு தீர்வு இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. திவானுக்கு அடியில பெட்டி வச்சா துணி, போர்வை எல்லாம் உள்ள போயிடும், ஆனா தரை அங்கேயே முடிஞ்சிடும். கால் வச்ச திவான்னா அடியில தரை ஓடுறது கண்ணுக்குத் தெரியும், அறை அகலமா தோணும், ஆனா சாமான் வெளியில நிக்கும். என்னைக் கேட்டா, பீரோவும் பரணும் நிரம்பிடுச்சுன்னா பெட்டி வச்சதையே வாங்குங்க. ஹால் மூலையில அட்டைப் பெட்டி அடுக்கி வைக்கிறதை விட அது நூறு மடங்கு மேல். டிவியைச் சுவத்துல மாட்டிட்டு அந்த யூனிட்டை எடுத்துடுங்க. டிவிக்குக் கீழ செட்டாப் பாக்ஸுக்கும் மோடத்துக்கும் ஒரு பலகை போதும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் காத்து வர்ற இடத்துல இருக்கணும்ங்கிறதால பெட்ரூமுக்குள்ள அடைச்சு வைக்காதீங்க. பால்கனியில மழை படாத ஓரம் இருந்தா அங்க போகட்டும், இல்லேன்னா கதவு பின்னாடி மூலையில. செருப்பு ஸ்டாண்டு வாசலுக்கு வெளிய. ஏழு அடி உயரத்துல ஒரே ஒரு சுவத்துல மட்டும் நீளமா ஒரு பலகை அடிச்சு, சுவத்துக்கு அடிச்ச நிறத்தையே அதுக்கும் அடிச்சா, புத்தகமும் பையும் மேல போயிடும். நாலு சுவத்துலயும் அடிச்சீங்கன்னா கூரை இறங்கின மாதிரி ஆயிடும், ஜாக்கிரதை. வாடகை வீட்டுல ஆணி அடிக்க ஓனர் விட மாட்டாருன்னா, தரையில நிக்கிற உயரமான ஒல்லியான அலமாரி ஒண்ணு. குள்ளமா, அகலமா ரெண்டு வாங்குறதை விட அது மேல்.

இப்ப பெயிண்டுக்கு வருவோம். வெளிர் நிறம் அடிச்சா அறை பெருசா தெரியும்ங்கிறது வெறும் நம்பிக்கை இல்ல, உயரத்தைப் பொறுத்த வரைக்கும் சோதிச்சும் பார்த்திருக்காங்க. ஜெர்மனியில மைன்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சிக் குழு 2010-ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. கூரை வெளிரா இருந்தா அறை உயரமா தெரியுது, சுவரும் வெளிரா இருந்தா அந்த உயரம் இன்னும் கூடித் தெரியுது. தரை கருப்பா வெளுப்பாங்கிறது உயரத்துக்கு ஒரு பொருட்டே இல்ல. இதுல நமக்கு ரெண்டு லாபம். பழைய டார்க் டைல்ஸை உடைச்சு மாத்தணும்னு கடைக்காரர் சொன்னா கேட்க வேண்டாம். கூரை வெள்ளை, சுவர் கலர், நடுவுல பார்டர்னு பிரிச்சுக் காட்டுறதும் வேண்டாம், ரெண்டையும் வெளிரா விட்டா போதும். இதே பல்கலைக்கழகத்துக்காரங்க 2014-ல சாமான் போட்ட அறையையும் காலி அறையையும் வச்சும் சோதிச்சாங்க. சின்னதா செஞ்ச மாடல் அறைங்கள்ல, சாமான் போட்டது கொஞ்சம் உயரமா தெரிஞ்சாலும் விசாலம் குறைஞ்சதா பார்த்தவங்க சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல காட்டின அறைங்கள்ல அந்த வித்தியாசம் வரல. இதைக் காட்டி "பார், சாமானுக்கும் விசாலத்துக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு ஒருத்தர் வாதாடலாம். ஆனா கம்ப்யூட்டர் அறையில யாரும் தண்ணி சொம்பை எடுத்துக்கிட்டு டீபாயைச் சுத்திப் போறதில்ல. நம்ம ஹால் சின்னதுன்னு கண்ணு மட்டும் சொல்றது இல்ல, முட்டியும் இடுப்பும் சேர்ந்துதான் சொல்லுது. கண்ணாடியும் அப்படித்தான். ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா வெளிச்சம் கூடும், உண்மை. ஆனா அரை கிரவுண்டு வீட்டுல ஜன்னலுக்கு வெளிய இருக்குறது பக்கத்து வீட்டுச் சுவர். ஃப்ரிட்ஜுக்கும் துணி மூட்டைக்கும் எதிர்ல மாட்டினா அதுதான் ரெட்டிப்பா தெரியும். தரை காலியான பிறகு கண்ணாடி வாங்குங்க.

ஃபால்ஸ் சீலிங் மட்டும் சின்ன ஹாலுக்கு வேண்டவே வேண்டாம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. மாடிக்கு மாடி பத்தடின்னு கட்டின வீட்டுல ஸ்லாப் கனம் போக உள்ள ஒன்பதரை அடிதான் நிக்கும். அதுல ஆறு, எட்டு இஞ்ச் இறக்கினா ஒன்பது அடிக்கோ, அதுக்கும் கீழயோ வந்துடுது. கட்டட விதித் தொகுப்பு சொல்ற குறைந்தபட்ச உயரமான 2.75 மீட்டரே ஒன்பது அடிதாங்க. அதுக்கும் கீழ ஃபேன் தொங்கணும். "மொட்டை மாடிக்குக் கீழ இருக்கோம், வெயில் இறங்குது, சீலிங் போட்டா சூடு குறையும்"னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, சித்திரை வைகாசியில கடைசி மாடி ஹால் அடுப்புதான். ஆனா சூட்டைத் தடுக்க வேண்டிய இடம் ஸ்லாபுக்கு மேல. தட்டோடு போட்ட தளம் வெடிச்சிருந்தா சரி பண்ணி, மேல வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சா, ஸ்லாப் சூடாகுறதே குறையும், உள்ள ஒரு இஞ்ச் உயரம் கூட போகாது. வாடகைக்கு இருக்குறவங்க ஓனர்கிட்ட இதைப் பேசிப் பார்க்கலாம், தளம் நல்லா இருந்தா லாபம் அவருக்கும்தான்.

ஜன்னலைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு, அறைத் தரையில ஆறுல ஒரு பங்கு ஜன்னல் திறப்பு இருக்கணும்ங்கிறது விதி. 120 சதுர அடி ஹாலுக்கு 20 சதுர அடி. நம்ம ஹால்ல இருக்குறது நாலுக்கு நாலு, அதாவது 16. அதையும் ஸ்லைடிங்கா வச்சா ஒரு நேரத்துல பாதிதான் திறக்கும், ஆக 8. அதுக்கு மேல தூசி படிஞ்ச கொசு வலை, அதுக்கு மேல ரெண்டு அடுக்கு கனமான ஸ்கிரீன். காத்தும் வெளிச்சமும் எங்கிருந்து வரும்? புழுங்குற அறை சின்னதாத்தான் தோணும். கொசு வலையை எடுக்கச் சொல்லல, கூவமும் ஏரியும் இருக்குற பக்கம் இது, வலை இல்லாம முடியாது. மாசம் ஒரு தரம் கழட்டி அலசுங்க, அவ்வளவுதான். ஸ்கிரீன் கம்பியை ஜன்னலை விட ரெண்டு பக்கமும் ஒரு அடி நீளமா மாட்டுங்க, பகல்ல துணி மொத்தமும் சுவத்து மேல ஒதுங்கிடும், கண்ணாடியை மறைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்ம ஹால் தெரியுதுன்னா கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிசா ஒரு துணி. பக்கத்து வீட்டுச் சுவர் நம்ம ஜன்னலுக்கு எதிர்ல அழுக்கா நிக்குதுன்னா, அவங்க சம்மதிச்சா நம்ம செலவுலயே வெள்ளை அடிச்சு விடலாம். அந்தச் சுவர்ல பட்டுத்தான் நம்ம ஹாலுக்கு வெளிச்சமே வருது.

இன்னும் வீடு கட்ட ஆரம்பிக்காதவங்களுக்கு ஒண்ணு. நீங்கதான் கொடுத்து வச்சவங்க, ஏன்னா கதவை இன்னும் நகர்த்தலாம். வாசக்கதவு எந்தப் பக்கம்னு வாஸ்து பார்த்து முடிவு பண்ணிடுவீங்க, அதுல நான் தலையிடல. ஆனா பெட்ரூம் கதவும் பாத்ரூம் கதவும் சுவத்துக்கு நடுவுல வரணும்னு எந்த சாஸ்திரமும் கட்டாயப்படுத்தல. அதை மூலைக்குத் தள்ளுங்க, திறந்தா சுவத்தோட போய் ஒட்டுற மாதிரி கீல் வைக்கச் சொல்லுங்க. நாலு கதவும் ஒரே பக்கமா வந்துட்டா பாதை எல்லாம் அந்தப் பக்கமே போயிடும், மிச்சப் பக்கம் முழுசா உங்களுக்கு. ஜன்னலுக்கு அடியில செங்கல்லயே ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு திண்ணை கட்டச் சொல்லுங்க. லாரி பேக்கர் கேரளாவுல கட்டின வீடுகள்ல இதை நிறைய பண்ணியிருக்கார். திருவனந்தபுரம் தம்பானூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சுருள் கோபுரம் மாதிரி நிக்கிற இந்தியன் காஃபி ஹவுஸ் அவர் கட்டினதுதான். உள்ள பெஞ்சும் மேசையும் கட்டடத்தோடயே சேர்த்துக் கட்டியிருப்பார், அந்தப் பக்கம் போனா ஒரு காபி குடிச்சுட்டு உட்கார்ந்து பாருங்க. மேஸ்திரிகிட்ட வரைபடத்தைக் கொடுக்குறதுக்கு முன்னாடி அதுல சாமானையும் அளவு பார்த்து வரைஞ்சுடுங்க. சுவர் எழும்பின பிறகு கதவை நகர்த்த ஆகுற செலவுல ரெண்டு திவான் வாங்கலாம்.

கட்டின வீட்டுல இருக்குறவங்க, ஆடித் தள்ளுபடியில சோபா செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் பண்ணுங்க. கடையில சோபாவோட நீள அகலத்தை இஞ்ச் டேப்ல அளந்து எழுதிக்கிட்டு வாங்க. பழைய நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டி, ஹால்ல சோபா வரப் போற இடத்துல, டீபாய் வரப் போற இடத்துல தரையோட விரிச்சு டேப் போட்டுடுங்க. ஒரு வாரம் வீட்டுல எல்லாரும் அந்தப் பேப்பரை மிதிக்காம நடக்கணும். பிள்ளைங்க விளையாடுறதும், ராத்திரி பாய் விரிக்கிறதும் அதைத் தவிர்த்துத்தான். வாரக் கடைசியில பேப்பர் கிழியாம இருந்தா சோபா வாங்குங்க. கிழிஞ்சிருந்தா திவான் வாங்குங்க.